முதல் திருப்பில்

பிப்ரவரி 20, வியாழன்

இன்று காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. முப்பத்தொரு வருடம் வருவாய்த் துறையில் ஜீப் ஓட்டியவன் நான். ஏழு தாசில்தார்கள், மூன்று ஆர்.டி.ஓ.க்கள். என் வண்டியில் ஏறிய ஒருவரும் நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்று கடிகாரத்தைப் பார்த்ததில்லை. எனக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பிய ஆர்.டி.ஓ. அம்மா, "வைரக்கண்ணு வண்டியில ஏறினா நான் தூங்கிடுவேன்" என்று மைக்கிலேயே சொன்னார். ஒரு டிரைவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

காலை எட்டே காலுக்கு அரசி பையோடு வந்து உட்கார்ந்தாள். அரசி என் மனைவி. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. இங்கே அறந்தாங்கியில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, வருகிற மே மாதம் ஓய்வு. நான் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, எஞ்சின் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை முதுகை சீட்டில் அழுத்தி, மூச்சைப் பிடித்துத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பனி."

"கண்ணாடில ஒரு சொட்டு ஈரம் இல்லையே."

கணக்கு டீச்சர். நிரூபணம் இல்லாமல் எதையும் நம்பமாட்டாள்.

வண்டி 2006 மாடல். ஓய்வு பெற்ற மாதமே ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினேன். ஆறு வருடத்தில் நான் துடைக்காத நாள் இல்லை. இலாகாவில் ஒவ்வொரு ஜீப்புக்கும் லாக் புத்தகம் உண்டு. போன இடம், வந்த நேரம், பழுது எல்லாம் எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதாத பழுதைக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அனுபவம். எனவே இன்றிலிருந்து இந்த டைரிதான் லாக் புத்தகம். விட்டுப்போகாமல் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன்.

மற்றவை: நேற்று விராலிமலைப் படி ஏறி இறங்கியதில் இடது முழங்காலில் வாயுப் பிடிப்பு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். பனிதான்.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டாம் திருப்பில்தான். பனி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மெக்கானிக் ஜபருல்லாவை வரச் சொன்னேன். இந்த ஊரில் என் வண்டியைத் தொட நான் அனுமதிக்கும் ஒரே ஆள். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு, ஆனால் எஞ்சினுக்குள் தலையை விட்டால் வெளியே வரும்போது பதிலோடுதான் வருவான். பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். மீட்டர் வைத்துப் பார்த்தான்.

"பேட்டரி புது மாப்பிள்ள மாதிரி இருக்குண்ணே."

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பன்னிரண்டு தடவை சாவியைத் திருப்பினான். பன்னிரண்டு தடவையும் ஸ்டார்ட் ஆனது. ஹெச்.எம். வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகள் அடங்குவது போல வண்டி அவனிடம் அடங்குகிறது. எனக்குக் கோபம் வந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

மூன்று நாளாகப் பழுது இல்லை. பேட்டரி முனைதான் காரணம். ஜபரு சீட்டை முன்னால் இழுத்துவிட்டபடியே போயிருந்தான். மூன்று நாளாக ஸ்டியரிங் வயிற்றில் இடிக்க ஓட்டியிருக்கிறேன், இன்றுதான் பொறுமை போய்ப் பழையபடி பின்னால் தள்ளிக்கொண்டேன். ஓட்டுகிறவன் ஜம்மென்று சாய்ந்து உட்கார வேண்டும். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து ஓட்டுவது புதிதாகப் பழகுகிறவர்களின் வேலை.

மாலை ரேஷன் கடையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். முழங்காலில் கொஞ்சம் வீக்கம். நொச்சி இலை வைத்துக் கட்டியிருக்கிறேன். அரசிக்குச் சொல்லவில்லை, சொன்னால் டாக்டர் என்பாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஸ்டார்ட் ஆகவில்லை. ஆறு முறை. ஏழாவது முறை ஆனது, ஆனால் அதற்குள் அரசி ஆட்டோவில் போய்விட்டாள். என் வண்டி வாசலில் நிற்க, என் மனைவி ஆட்டோவில் போகிறாள். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

ஜபரு வந்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோயிருக்கிறான்.

மார்ச் 1, சனி

மோட்டாரில் கரித்துண்டு தேய்ந்திருந்ததாம், மாற்றிப் போட்டான். ரிலேயும் புதிது. பூட்டித் திருப்பினான், முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். சீட்டை மறுபடி முன்னால் இழுத்திருந்தான். அவன் போனதும் பின்னால் தள்ளினேன்.

"இனி தொந்தரவு குடுத்தா சொல்லுங்கண்ணே, எனக்கே புரியல" என்று போகும்போது சொன்னான். ஜபரு வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நாளை பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடக்கம். அரசிக்கு மீமிசல் பக்கத்துப் பள்ளியில் முதன்மைக் கண்காணிப்பாளர் பணி. முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஏழு தேர்வு நாட்கள். வினாத்தாள் கட்டு வந்து இறங்கும்போது அவள் அங்கே நின்று முத்திரையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தக்கூடாது. முதல் பஸ் எட்டேகாலுக்குத்தான் போய்ச் சேரும். பத்தொன்பது வருடமாகத் தேர்வுப் பணி பார்க்கிறாள், ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. இது அவளுடைய கடைசித் தேர்வு.

இட்லி வைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"வாடகைக் கார் சொல்லிடலாங்க. ஏழு நாள்தானே."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"உங்களச் சொல்லல. வண்டியச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சட்னி ஊற்றினாள். பிறகு, "எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2011இல் அவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவனே நான்தான், ஓர் அடையாள அட்டையாக இருக்கட்டுமே என்று. டிரைவர் வீட்டில் இருக்கும்போது ஹெச்.எம். எதற்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்?

ஏழு நாளும் எட்டு மணிக்குள் கொண்டுபோய் இறக்குவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்குப் பதவி உண்டு, மேசை உண்டு, மணி அடித்தால் ஓடிவர ஆள் உண்டு. எனக்கு இருப்பது இந்த ஒரு வேலை. அதை வாடகைக்கு விடமாட்டேன்.

மார்ச் 3, திங்கள் (மொழிப்பாடம்)

இரண்டாம் திருப்பில் ஸ்டார்ட். 7.40க்கு இறக்கினேன். ஆவுடையார்கோயில் திருப்பத்தில் இரண்டாவது கியர் விழும்போது கரகரவென்று சத்தம். கியர் ஆயில் மாற்ற வேண்டும்.

பள்ளி வாட்ச்மேன், "டிரைவர் அண்ணே, வண்டிய நெழல்ல போடுங்க" என்றான். நான் திருத்தவில்லை. டிரைவர் என்பது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லையே.

மார்ச் 5, புதன்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஏணியில் நான்கு முறை ஏறி இறங்கினேன், அறுபத்து நான்கு வயதில். முழங்கால் கொஞ்சம் முணுமுணுக்கிறது. பூண்டு சுட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 6, வியாழன் (ஆங்கிலம்)

பதினோரு நிமிடம்.

அரசி உள்ளே உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, பைக்குள் அலமாரிச் சாவிகள். நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, வைப்பர் ஆடுகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் செத்துக் கிடக்கிறது. பானட்டைத் திறந்தேன், எர்த் ஒயரை ஆட்டினேன், ரிலேயைத் தட்டினேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். கடைசியில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து எழும்பினாற்போல் இருந்து ஒரு திருப்புத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது.

7.58. வினாத்தாள் வண்டி எங்களுக்கு முன்னால் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அரசி வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் ஓடிப் பார்த்தேன். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். என் வண்டியில் வந்தவர் ஓடினார். இதை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு லாக் புத்தகத்தை அதிகாரி கையெழுத்துப் போடாமல் வைத்திருப்பது முறையில்லை. இந்த வண்டியில் அதிகாரி என்றால் அரசிதான். காலையில் காப்பியோடு டைரியை அவள் முன்னால் வைத்து, "மேடம், கையெழுத்து" என்றேன். பதினெட்டு நாளில் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன் என்று அவள் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது, மறைப்பானேன்.

என்னிடம் இருந்த தாசில்தார்கள் எல்லோரும் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்திலேயே கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியைகள் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பாதியில் எழுந்துபோய்ச் சிவப்புப் பேனா எடுத்துவந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து டைரி திரும்பி வந்தது. விடைத்தாள் திருத்தியது போல அங்கங்கே சுழி. முழங்கால் வரும் இடமெல்லாம் சுழி. சீட் வரும் இடமெல்லாம் சுழி. கியர் கரகரத்த வரிக்குக் கீழே இரட்டைக்கோடு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவளுடைய முத்து முத்தான எழுத்தில் இப்படி இருந்தது:

'மிக மோசமான நாட்கள்: பிப். 20, பிப். 28, மார்ச் 6. மூன்றுக்கும் முன்னால் முழங்காலுக்கு வேலை: மலை, ரேஷன் வரிசை, ஏணி. ஜபருல்லா சீட்டை முன்னால் இழுத்துவிட்ட மூன்று நாளும் பழுது இல்லை. ஜபருல்லா திருப்பினால் எப்போதும் ஸ்டார்ட் ஆகிறது. ஆகவே பழுது வண்டியில் இல்லை.'

ஆகவே என்பதற்கு முன்னால், கணக்கில் போடுவது போல முக்கோணமாக மூன்று புள்ளி வேறு. கையெழுத்து இல்லை.

"என்ன இது? என் கால் வலிச்சா வண்டிக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியாது. ஜபருல்லாவக் கேளுங்க. கணக்கு இப்படித்தான் வருது."

"வண்டியப் பத்தி எனக்கு நீ சொல்றியா?"

"நீங்க எழுதுனதத்தான் உங்களுக்குச் சொல்றேன்."

மதியம் நான் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஜபருவைக் கூப்பிட்டுச் சிவப்பு மையைக் காட்டினேன், அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்து. அவன் சிரிக்கவில்லை. படித்து முடித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். நேராகப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, பெடல்களுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தான்.

"கிளட்ச் பெடலுக்கு மேல ஒரு சின்ன சுவிட்ச் இருக்குண்ணே. அடிவரைக்கும் மிதிச்சாத்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். கியர்ல இருக்கையில வண்டி தாவிரக் கூடாதுன்னு வச்சிருக்கான். எல்லா வண்டிலயும் கெடையாது, இதுல இருக்கு."

என்னை உட்காரச் சொல்லி முக்கால் அளவு மிதிக்கச் சொன்னான். திருப்பினேன், சத்தமில்லை. "இப்ப முழுசா." மிதித்தேன். முழங்காலுக்குள் ஊசி பாய்ந்தது, வண்டி ஸ்டார்ட் ஆனது. மறுபடி முக்கால், சத்தமில்லை. மறுபடி முழுசு, ஸ்டார்ட். சீட்டைப் பின்னால் தள்ளியிருந்ததால் வலிக்கிற கால் அடிவரை எட்டவில்லை, கியர் கரகரத்ததும் அதனால்தான். அரசி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னதுதான் சரி என்ற முகம் காட்டவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"இத நீ மொதல்லயே பாத்திருக்கணும்ல?" என்று ஜபருவிடம் கத்தினேன்.

"வேற யாரு வண்டியா இருந்தாலும் மொதல்ல அதைத்தாண்ணே பாத்திருப்பேன். நீங்க கிளட்ச் சரியா மிதிக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நெனைப்பேன்?"

அந்தப் பதிலில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது. இந்த நிலைமையிலும் வந்தது என்பதுதான் வேடிக்கை.

மார்ச் 11, செவ்வாய் (தேர்வு)

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஓட்டினேன். முதல் திருப்பில் ஸ்டார்ட். 7.46. ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. மீமிசல் போய்ச் சேருவதற்குள் நாற்பது தடவையாவது கிளட்ச் மிதித்திருப்பேன், கடைசிப் பத்தும் பல்லைக் கடித்துக்கொண்டு. அரசி கவனித்தாள்.

"திரும்பும்போது நான் ஓட்டட்டுமா?"

"வேண்டாம்."

மார்ச் 12, புதன்

ஜபருவிடம் போய் அந்தச் சுவிட்சை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினால் கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகும். அவன் தயங்கினான். காலுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னான். உன் அளவுக்கு நானும் வண்டி பார்த்தவன்தான், சொன்னதைச் செய் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தான்.

வீட்டுக்கு வந்து கிளட்சைத் தொடாமல் பத்து முறை ஸ்டார்ட் செய்தேன். பத்தும் முதல் திருப்பில். பழுது தீர்ந்தது என்று அரசியிடம் சொன்னேன். எப்படி என்று கேட்டாள். "சரி பண்ணியாச்சு" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி (தேர்வு)

7.41க்கு இறக்கினேன். எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 15, சனி

நேற்று எழுதியது பொய். லாக் புத்தகத்தில் என் வாழ்நாளில் எழுதிய முதல் பொய். இப்போது சரியாக எழுதுகிறேன்.

அரசியை இறக்கிவிட்டு, பள்ளி அலுவலகத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தேன். வீட்டு வாசலில் தவிர எங்கே நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டு நிறுத்துவது என் பழக்கம். மேட்டில் நிறுத்தினாலும் வண்டி உருளாது என்று இலாகாவில் சேர்ந்த முதல் வாரமே பழகியது. ஒன்பதேகாலுக்கு வெயில் ஏறியது, வேப்பமரத்தடிக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் கியரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை, கிளட்சை மிதித்துத்தானே திருப்புவேன். நேற்று மிதிக்கவில்லை. கால் வலிக்கிறது, அதுதான் மிதிக்க வேண்டியதே இல்லையே என்று சாவியை மட்டும் திருப்பினேன்.

வண்டி தாவியது. எதிரே எந்த அறையில் எந்த எண் என்று ஒட்டியிருந்த பலகையை அதன் காலோடு சாய்த்துவிட்டு நின்றது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் அந்தப் பலகையில் தன் எண்ணை விரலால் தேடிக்கொண்டிருந்தாள். தோழி கூப்பிட்டாளென்று இரண்டு எட்டு நகர்ந்தாள். அவ்வளவுதான் இடைவெளி.

அரசி அலுவலகத்திலிருந்து வெளியே வந்தாள். முதலில் பிள்ளைகளைப் பார்த்தாள், ஒவ்வொருவராகக் கண்ணால் எண்ணினாள். பிறகு இரண்டு ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பலகையை நிமிர்த்தி, கிழிந்த தாளுக்குப் பதில் வேறு தாள் ஒட்டச் சொன்னாள். அந்தச் சடைப் பெண்ணை அருகில் அழைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, முதுகைத் தட்டி அனுப்பினாள். பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது, ஒரு நிமிடமும் பிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டி அருகே வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இல்லையென்று தலையாட்டினேன். முப்பத்தொரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன் என்பது என் பெருமை. அந்தப் பெருமையைக் காப்பாற்றத்தான் ஒயரை முறுக்கினேன். அது ஒரு பிள்ளை மேல் ஏறப் பார்த்தது.

இன்று காலையில் நொண்டிக்கொண்டே ஜபரு கடைக்குப் போய்ச் சுவிட்சைப் பழையபடி மாட்டச் சொன்னேன். அவன் உடனே படுத்து மாட்டினான். வீட்டுக்கு வந்து சாவியை அரசி கையில் கொடுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை நீ ஓட்டு."

சாவியை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் லைசென்ஸை எடுத்துவந்தாள். போன வருடம் புதுப்பித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"எப்ப போன? யாரு கூட்டிட்டுப் போனா?"

"பஸ்ல போனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டி ஓட்டுறதுலதான் உங்களுக்கு அம்புட்டு சந்தோஷம். அதுல நான் ஏன் பங்கு கேக்கணும்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

வாரச்சந்தை மைதானம், காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை. முதல் அரை மணி வண்டி தவளை மாதிரிப் போனது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்: கிளட்சை மெதுவாக விடு, கண்ணாடியைப் பார், கையை இறுக்காதே. கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு வகுப்புல ஒரு டீச்சர்தான் பேசலாம். இறங்கி நில்லுங்க" என்றாள். இறங்கி நின்றேன். நான் இறங்கியதும் எட்டுப் போட்டாள். பின்னோக்கி வந்து இரண்டு கல்லுக்கு நடுவே நிறுத்தினாள். அதை நான் சொல்லித் தரவில்லை.

மார்ச் 17, திங்கள்

மீமிசல் வரை போய்த் திரும்பினோம், பயிற்சிக்கு. போக ஒரு மணி பத்து நிமிடம். அதிகம்தான். நாளை ஆறரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

மார்ச் 18, செவ்வாய் (தேர்வு)

ஆறரைக்கு வண்டியை எடுத்தாள். போஸ்ட்மாஸ்டர் செய்தித்தாளை இறக்கினார், மறுபடி ஏற்றவில்லை. நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டர், ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

ஆவுடையார்கோயில் திருப்பத்தில் முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர், பின்னால் ஒரு பஸ். எங்கள் வண்டி எஞ்சின் அணைந்து நின்றுபோனது. பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. மணி 7.19. அரசியின் மேலுதட்டில் வியர்வை. எனக்கு வாய் துடித்தது, கியரை எடு என்று சொல்ல. சொல்லவில்லை, முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் அடக்கிய மிகப் பெரிய வார்த்தை அதுதான். அவள் கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்தாள். "எல்லாரும் கொஞ்சம் பொறுங்க" என்று பத்தாம் வகுப்பு பி பிரிவிடம் சொல்வது போலச் சொன்னாள். கியரை எடுத்தாள், கிளட்சை அடிவரை மிதித்தாள், திருப்பினாள். முதல் திருப்பில் ஸ்டார்ட். டிராக்டரை இடது பக்கம் ஒதுங்க விட்டு, அளவாகத் தாண்டினாள். நான் ஓட்டியிருந்தாலும் அதைவிட நன்றாகத் தாண்டியிருக்க முடியாது. கொஞ்சம் வேகமாகத் தாண்டியிருப்பேன், அவ்வளவுதான்.

7.44. வாட்ச்மேன் "டிரைவர் அண்ணே" என்று வலது பக்கம் வந்து குனிந்தவன், உள்ளே மேடத்தைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். அரசி இறங்கி, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நடந்து போனாள். ஓடவில்லை.

நாள் முழுவதும் வேப்பமரத்தடியில் இருந்தேன். வந்து போன ஆசிரியர்களிடமெல்லாம் டிராக்டர் கதையைச் சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி (தேர்வு)

7.39. மணிக்கு முப்பத்தைந்து.

மார்ச் 25, செவ்வாய் (கடைசித் தேர்வு)

7.31. ஏழு நாளும் எட்டு மணிக்குள். அதில் நான் நான்கு, அவள் மூன்று. என் நான்கில் ஒன்று 7.58. அவளுடையதில் எதுவும் 7.44ஐத் தாண்டவில்லை. விடைத்தாள் கட்டுகளை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து சாவியை வாங்கும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நானும் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

புதுக்கோட்டையில் எலும்பு டாக்டர். இனியும் வாயு என்று சொன்னால் அரசி என்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிடுவாள். போகும்போது ஊருக்குள் நெரிசல், இரண்டு ரவுண்டானா, ஒருவழிப்பாதை. எல்லாவற்றையும் சமாளித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இரண்டு வேன்களுக்கு நடுவில் பின்னோக்கி வந்து ஒரே முயற்சியில் நிறுத்தினாள். பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்களில் ஒருவர் தலையாட்டினார். அவர் யாரைப் பார்த்துத் தலையாட்டினாலும் நான் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

டாக்டர் சின்னப் பையன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். தேய்மானம்தான், மாத்திரையும் பயிற்சியும் தருகிறேன், ஆறு மாதம் கிளட்ச் வண்டி ஓட்டக்கூடாது, பிறகு பார்க்கலாம் என்றான். நான் ஏதாவது சொல்வேன் என்று அரசி என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

வண்டியை யார் ஓட்டிவந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "எங்க வீட்டம்மாதான் ஓட்டிட்டு வந்தாங்க. அறந்தாங்கிலேருந்து." அவன் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே ம் என்றான். காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.